பாலாற்றங்கரையில் தங்கிவிட்ட உப்பு: தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை பாலாற்றை ஒட்டியே போனால், ஆண்டின் பெரும்பகுதி கண்ணில் படுவது மணலும் சீமைக்கருவேலமும்தான். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் வரும் ஆறு இது. மேலே உள்ள ஏரிகளும் தடுப்பணைகளும் நிரம்பி வழிந்தால்தான் இங்கே வெள்ளம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வந்தபோது, பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருவது இங்கே வேடிக்கை பார்க்க வேண்டிய காட்சி.

ஆனால் கரையோர விவசாயி யாரும் பாலாற்றை வறண்ட ஆறு என்று சொல்லமாட்டார். மணலுக்கு அடியில் தண்ணீர் உண்டு. மணலில் ஊற்றுக்கால் வெட்டி, அடியில் கசியும் நீரை வயலுக்கும் ஏரிக்கும் இழுத்துப் போவது இந்தப் பள்ளத்தாக்கின் பழைய வித்தை. கிணறுகள், ஊர்க் குடிநீர், தென்னந்தோப்புகள் எல்லாம் அந்த அடி நீரை நம்பியே வந்தன. கழிவுநீர் விஷயத்தில் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஓடுகிற ஆற்றில் விட்ட கழிவு கீழ்நோக்கி அடித்துக்கொண்டு போகும். ஓடாத ஆற்றில் விட்டது மணலுக்குள் இறங்கும். இறங்கிய இடத்துக்குப் பக்கத்துக் கிணற்றிலேயே வந்து நிற்கும்.

பழைய வட ஆற்காட்டின் ஆற்றோர ஊர்களுக்கு நடந்தது இதுதான். முப்பது ஆண்டுகளாக இங்கே வழக்கு, தீர்ப்பு, பொதுச் சுத்திகரிப்பு நிலையம், சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் பல வேலையும் செய்தன. ஆனாலும் நிலத்தைக் கெடுத்த பொருள் இன்னும் இங்கேயே இருக்கிறது. அந்தப் பொருள் சாதாரண உப்பு.

தோலோடு வந்த உப்பு

தோல் பதனிடுவது இங்கே புதிய தொழில் இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் கழிவுநீர் நாறியது, நிறம் மாறியது. ஆனாலும் அளவு குறைவு. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலையும் செருப்பு, ஷூ போன்ற பொருளையும்தான் அனுப்ப வேண்டும் என்று கொள்கை மாறியது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல முடிவுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் செழித்தது அதனால்தான். கூடவே பட்டை போய் குரோம் என்ற குரோமியச் சேர்மம் வந்தது, டிரம்கள் பெருகின, தண்ணீர்ச் செலவு ஏறியது. மேலைநாடுகள் தங்கள் ஊரில் வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கிய ஈரவேலையை நாம் இழுத்துப் போட்டுக்கொண்டோம் என்பது என் கருத்து.

அறுத்த மாட்டின் தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க, தோலின் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் உப்பைத் தூவி அடுக்குவார்கள். அந்த உப்புத்தோல்தான் லாரியில் வந்து இறங்கும். முதல் வேலை ஊறவைப்பது; தூவிய உப்பெல்லாம் அங்கே கரைந்து வெளியே வரும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை எடுப்பார்கள். பிறகு சதை நீக்கி, சுண்ணாம்பைப் போக்கி, உப்பும் சல்ஃப்யூரிக் அமிலமும் கலந்த பிக்கிளில் போடுவார்கள். இங்கே மறுபடியும் உப்பு. அதற்குப் பிறகுதான் குரோம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

இந்த 35 லிட்டரும் ஒரே மாதிரித் தண்ணீர் இல்லை. ஊறவைத்த தண்ணீர் அளவில் சிறியது. அதன் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 35,000 மில்லிகிராமையும் தாண்டும். கடல் நீர் அளவு. மற்றத் தண்ணீரோடு கலந்த பிறகும் 10,000 என்பது சாதாரணம். உள்நாட்டு நீர்நிலையில் விட அனுமதிக்கப்பட்ட வரம்பு 2,100.

1996

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வரும் என்று முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் அதற்காகவே படிக்கிறார்கள். வேலூர் என்ற பெயர் சட்டப் புத்தகத்தில் நிலைத்தது இப்படித்தான்.

ஊர்க்காரர்களுக்கு வேண்டியவை வேறு பக்கங்களில் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்குப்படி, தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனி நிலையமோ அமைத்தாக வேண்டும். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே ஒரு பசுமை அமர்வு.

இன்னொரு பத்தியை மட்டும் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். டிடிஎஸ் வரம்பு நியாயமில்லாதது, எட்ட முடியாதது என்று தொழிற்சாலைகள் வாதாடின. நீதிமன்றம் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியிடம் கருத்துக் கேட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு சரியே என்று நீரி 1996 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, பிரச்சினையின் வேர் உப்பு என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும், வாரியத்துக்கும் தெரியும், தொழிற்சாலைகளுக்கு மிக நன்றாகத் தெரியும். கட்டிய நிலையங்கள் மட்டும் உப்பை எடுக்கும்படி கட்டப்படவில்லை.

நிலையம் எதை எடுத்தது

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஓட்டம் இப்படி. குழாய் வழியாக வரும் கழிவுநீர் சல்லடையில் முடியையும் சதைத் துணுக்கையும் விட்டுவிட்டு, சமப்படுத்தும் தொட்டியில் சேரும். காலையில் ஒரு தொழிற்சாலை சுண்ணாம்புத் தண்ணீரையும் மாலையில் இன்னொன்று அமிலத் தண்ணீரையும் விடும். இரண்டும் இங்கே கலந்து ஒரு நிதானத்துக்கு வர வேண்டும். பிறகு சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் மிதப்பதெல்லாம் திரண்டு அடியில் படியும். குரோமியத்தின் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். அடுத்து காற்றூட்டும் தொட்டி. அங்கே நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும். கடைசித் தெளிவுத் தொட்டியில் அவை படிந்த பின் மேலே நிற்கும் நீர் வெளியே போகும்.

இந்த வரிசை பிஓடி-யை, அதாவது கரிமக் கழிவு மட்க நீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜனின் அளவை, குறைக்கும், சல்ஃபைடைக் குறைக்கும், நாற்றத்தைக் குறைக்கும். நடத்துபவர் கெட்டிக்காரராக இருந்தால் நன்றாகவே குறைக்கும். கரைந்த உப்பை மட்டும் எந்தத் தொட்டியும் தொடாது. அது திரளாது, படியாது. அதைத் தின்ன எந்த உயிரும் இல்லை. போட்ட இரசாயனங்களால் கொஞ்சம் கூடவும் செய்யும். 10,000 டிடிஎஸ்ஸோடு உள்ளே போன தண்ணீர் தெளிவாக, வாசமில்லாமல், கிட்டத்தட்ட அதே 10,000 டிடிஎஸ்ஸோடு வெளியே வரும். பார்ப்பவர் கண்ணுக்குச் சுத்தமான நீர். அதை மணலில் விட்டால் கிணறு உப்பாகும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினால் சோடியம் களிமண்ணைப் பிடித்து இறுக்கும். மேல்மண் ஓடு கட்டும், நீர் இறங்காது, நாற்று சிவந்துபோகும். நெல்லை விட்டவர்கள் தென்னையில் நின்றார்கள். தென்னை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், காய் சிறுக்கும்.

குரோமியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்தப் பகுதி மாசு என்றாலே பத்திரிகைகள் குரோமியத்தையும் புற்றுநோயையும்தான் எழுதும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் இரசாயன ஆலையின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் கழிவு குவிந்திருப்பதும், அதிலிருந்து நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் கசிவதும் பயங்கரமான விஷயங்களே. ஆனால் அது இரசாயன ஆலையின் கதை. தோல் தொழிற்சாலை பயன்படுத்துவது அதைவிட நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம். மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து, மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். குரோம் மீட்புக்கு வழியும் இருக்கிறது, காசும் மிச்சமாகிறது. உப்பில் காசு மிச்சமில்லை. டன் கணக்கில் வாங்கினாலும் மலிவான சரக்கு. அதனால்தான் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பூஜ்ய வெளியேற்றம்

நீதிமன்ற அழுத்தமும் வாரிய அழுத்தமும் சேர்ந்து, 2000-களின் பிற்பகுதியிலிருந்து நிலையங்கள் ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ என்ற முறைக்கு மாறின. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. பழைய தொட்டிகளுக்குப் பின்னால் நுண் வடிகட்டிகள், அதற்குப் பின் கரைந்த உப்பையும் பிரிக்கும் சவ்வு வடிகட்டியான ஆர்ஓ. ஆர்ஓ-வில் ஒரு பக்கம் நல்ல தண்ணீர். அதைத் தொழிற்சாலை மறுபடி பயன்படுத்தும். இன்னொரு பக்கம் ‘ரிஜெக்ட்’, அதாவது உப்பெல்லாம் சேர்ந்த மீதி. அதைப் பல கட்ட ஆவியாக்கியில் கொதிக்கவைத்து உப்பாக இறக்குவார்கள்.

காகிதத்தில் இது முழுமையான தீர்வு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் என்றால் ஒரு லட்சம் லிட்டரில் ஒரு டன் உப்பு. நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் வாங்கும் நிலையம் தினமும் பத்து டன் உப்பு இறக்க வேண்டும். முந்நூறு வேலை நாளில் மூவாயிரம் டன். அந்த உப்பு எங்கே? ஓரிடத்தில் பூஜ்ய வெளியேற்றம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கழிவுநீர்க் குழாயைத் தேடி அலைவதைவிட உப்புக் கொட்டகையை எட்டிப் பார்ப்பது மேல். வந்த நீருக்கும் நிற்கும் உப்புக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இடையில் எங்கோ வாய்க்கால் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நுரை பொங்குகிறது என்று வருஷா வருஷம் செய்தி வருவதை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

நேர்மையாக இறக்கினாலும் தொல்லை தீரவில்லை. இறங்குவது சோடியம் குளோரைடும் சோடியம் சல்ஃபேட்டும் கரிம அழுக்கும் கலந்த ‘மிக்ஸ்ட் சால்ட்’. தோலுக்கும் ஆகாது, சாயப்பட்டறைக்கும் ஆகாது. சாதாரணக் குப்பைமேட்டில் கொட்டினால் முதல் மழையிலேயே கரைந்து பழைய இடத்துக்கே போய்ச் சேரும். அதனால் மூட்டை கட்டிக் கூரைக்கு அடியில் அடுக்குகிறார்கள். கொட்டகை நிரம்பினால் இன்னொரு கொட்டகை. ஆவியாக்கிக்கு நீராவி, நீராவிக்கு விறகோ நிலக்கரியோ, ஆர்ஓ பம்புக்கு மின்சாரம். பெரிய ஏற்றுமதியாளர் தாங்குவார். கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் சின்னத் தோல் ஷாப்காரர் தாங்கமாட்டார். மாதக் கட்டணம் பாக்கி விழும், நிலையம் ஆவியாக்கியை நிறுத்தும், ரிஜெக்ட் தொட்டிகளில் நிற்கும்.

தொட்டியில் நிற்பது என்றால் என்ன என்பதற்கு 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் விடை கிடைத்தது. கழிவு தேக்கிய தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றில் விடாதே என்றால் எங்காவது தேக்கித்தான் ஆக வேண்டும்; தேக்கும் சுவர் எத்தனை பலமானது என்று பார்க்கும் கண் வேறு. மாசு அளக்க வரும் அதிகாரி பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார். சுவரைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலையில் இல்லை.

தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்களும் இந்தப் பகுதியில் உண்டு. சல்ஃபைடு தண்ணீரும் பிக்கிள் அமிலமும் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் மூக்கில் ஏறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கினவர் திரும்பமாட்டார். அவரைத் தூக்க இறங்கினவரும் திரும்பமாட்டார்.

வாசலிலேயே பிடிப்பது

உப்பைக் கரைத்துவிட்டுப் பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துப் பிரிப்பதைவிட, கரையும் முன்பே உதறிவிடலாம். உப்புத்தோலை ஊறவைக்கும் முன் மரச் சட்டத்திலோ சல்லடை டிரம்மிலோ போட்டு உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் கணிசமான பங்கு உலர்ந்தபடியே விழும். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வழிகளில் இதுவும் ஒன்று. அடுத்த படி, முதல் ஊறல் தண்ணீரை மற்றதோடு கலக்காமல் தனிக் குழாயில் எடுத்து வெயில் பாத்தியில் காயவிடுவது. வேலூர் வெயிலுக்கு வேறு உபயோகமும் இருக்கட்டும்! பாத்திக்கு இடம் வேண்டும், அடியில் கசியாத தளம் வேண்டும், மழை மாதங்களில் மாற்று ஏற்பாடு வேண்டும். அவ்வளவுதான். இதில் ஏமாற்றுவதும் சுலபம் என்பதை மறைக்கத் தேவையில்லை: உதறிய உப்பை இரவில் ஆற்றோரம் கொட்டினால் எல்லாம் வீண். இருந்தாலும் மூட்டையாகக் கட்டிய உப்பை எடைபோட முடியும். கரைந்த உப்பை அப்படிப் பிடிக்க முடியாது.

ஒன்பதாயிரம் ரூபாய்

உச்ச நீதிமன்றம் சொன்ன இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் முடிவு சொன்னது. 186 கிராமங்களில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள். 547 தொழிற்சாலைகள் அவர்களுக்குத் தர வேண்டியது 26.82 கோடி ரூபாய். 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரையிலான இழப்புக்கு இது. வகுத்துப் பார்த்தால் சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழு ஆண்டுச் சாகுபடிக்கு அந்தக் காலத்திலும் இது கூலிக்குக் காணாது. அதிலும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மறுபடி நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது: மீதியுள்ளவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைச் சீர்செய்ய வேண்டும், நிறைவேறும் வரை வழக்கை முடிக்காமல் நீதிமன்றமே கண்காணிக்கும். 1998-க்குப் பிறகு கெட்ட கிணறுகளின் கணக்கும் இப்போதாவது எடுக்கப்பட்டாக வேண்டும்.

இதற்கிடையில் கரையோர ஊர்களின் குடிநீர் மேட்டூரிலிருந்து வருகிறது. காவிரிக் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இல்லாவிட்டால் வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் குழாயில் காவிரி வந்ததும் கிணற்றைப் பற்றிய கூச்சல் அடங்கிவிட்டது. மாட்டுக்கும் வயலுக்கும் மட்டும் பழைய தண்ணீர்.

ஊர்ச் சாக்கடையை என்ன செய்வது

தோல் ஷாப்பைத் திட்டிவிட்டு ஊர்ச் சாக்கடையைப் பேசாமல் போவது நியாயமில்லை. நகரங்களின் சாக்கடையும், இரவில் வந்து ஆற்றில் திறந்துவிட்டுப் போகும் செப்டிக் டேங்க் லாரிகளும் பாலாற்றுக்குத்தான் வருகின்றன. மூவாயிரம் பேர் உள்ள ஊரில் ஆளுக்கு 55 லிட்டர் குடிநீர் கொடுத்தால், அதில் எண்பது சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று வைத்தால், தினமும் 1.32 லட்சம் லிட்டர். இதைச் சுத்திகரிக்க ஆர்ஓ-வும் வேண்டாம், ஆவியாக்கியும் வேண்டாம். படியவைக்கும் தொட்டி, தடுப்புச்சுவர் போட்ட காற்றில்லாத் தொட்டி, நாணலும் கல்வாழையும் நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் ஒரு குட்டை: இவை போதும். மின்சாரம் ஏறக்குறைய வேண்டாம். ஆண்டுக்கொரு முறை சகதி அள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஊராட்சிக் கணக்கில் ஒரு செலவுத் தலைப்பு வேண்டும். இந்த மாதிரி நிலையங்கள் பெரும்பாலும் பழுதால் நிற்பதில்லை, சகதி அள்ளாததால் நிற்கின்றன. உறிஞ்சுகுழிதான் மலிவு என்று மணற்பாங்கான இடத்தில், குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் தோண்டினால் நைட்ரேட்டும் கிருமியும் நேராகக் கிணற்றுக்கு.

ஊர்ச் சாக்கடையில் உப்புக் குறைவு. அதனாலேயே, இரண்டையும் கலந்துவிட்டால் டிடிஎஸ் இறங்குமே என்று ஒரு யோசனை அடிக்கடி தலைகாட்டும். கான்பூர் ஜாஜ்மாவில் அப்படித்தான் கட்டினார்கள்: தோல் கழிவு ஒரு பங்குக்கு ஊர்ச் சாக்கடை மூன்று பங்கு, மொத்தம் நாளைக்கு 3.6 கோடி லிட்டர். பக்கத்தில் ஓடுவது கங்கை என்றாலும் அங்கேயே அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நிலங்கள் கெட்டன. பாலாற்றில் கலந்து விட்டால் உப்பின் மொத்த எடையில் ஒரு கிலோகூடக் குறையாது. மூன்று பங்கு நல்ல சாக்கடை, வயலுக்கு ஆகியிருக்கக்கூடிய தண்ணீர், அதுவும் கெடும். ஆகவே ஆற்றோர ஊராட்சிகள் தங்கள் சாக்கடையைத் தொழிற்சாலைக் குழாயோடு இணைக்கச் சம்மதிக்கக் கூடாது, பணம் மிச்சம் என்று சொன்னாலும். தனி நிலையம், தனிக் குட்டை, வெளியே வரும் நீர் தென்னைக்கு. கிராம சபையில் கேட்க வேண்டியவையும் இரண்டுதான்: கோடைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் ஊர்க் கிணறுகளின் டிடிஎஸ் எவ்வளவு, மேலே உள்ள நிலையத்தின் கொட்டகையில் இந்த ஆண்டு சேர்ந்த உப்பு எத்தனை டன். முதலாவதை அளக்க ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கைக்கருவி போதும். இரண்டாவதை வாரியத்திடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.